கைத்தட்டலுக்காகச் சொன்ன பெயர்

1940களின் தொடக்கத்தில், தர்மபுரியில் நான் உயர்நிலைப் பள்ளிக் கடைசி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. பள்ளி ஹாக்கி அணிக்கு நான்தான் கோல்கீப்பர்.

சேலத்திலிருந்து ஓர் அணி எங்களோடு ஆட வருவதாக இருந்தது. பத்துப் பேர் முடிவாகிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்று பந்தைத் தடுக்கும் புல்பேக் இடம் ஒன்றுக்குத்தான் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் என் வகுப்புத் தோழன், இண்டூர்க்காரன். அவன் ஓங்கி அடித்தால் பந்து பாதி மைதானத்தைத் தாண்டும். ஆனால் அடிக்கிற ஆசையில் இடத்தை விட்டு ஓடிவிடுவான். இன்னொருவன் எனக்கு ஒரு வகுப்பு கீழே, கடத்தூர்க்காரன். அவன் ஆடுவதே கண்ணில் படாது. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரிந்து அங்கே முன்கூட்டியே போய் நின்றுவிடுவான். அப்போதெல்லாம் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆளை மாற்ற முடியாது.

மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதாடினோம்.

"அடி பலமா இருந்தாத்தான் பந்து தள்ளிப் போவும்" என்றார்கள் சிலர்.

"அடிக்கறதுக்கு மொதல்ல பந்து கெடைக்கணுமில்ல?" என்றார்கள் மற்றவர்கள்.

கடைசியில் கேப்டன் என்னைப் பார்த்தான். "பின்னால நிக்கப் போறவன் நீ. யாரு வேணும்னு நீயே சொல்லுடா."

எனக்கு விடை தெரியும். கடத்தூர்க்காரன் நின்றால் என்னிடம் பந்தே வராது. என் கவலையும் அதுதான். ஊரே வேடிக்கை பார்க்க வரும்போது, நான் கோல் கம்பத்தோரம் சும்மா நிற்பதா? இண்டூர்க்காரன் பெயரைச் சொன்னேன்.

நினைத்தபடியே பந்து வந்துகொண்டே இருந்தது. விழுந்து புரண்டு தடுத்தேன். கைத்தட்டல் கிடைத்தது. ஆனால் மூன்று கோல் உள்ளே போய், தோற்றுப்போனோம். என்னைத் தட்டிக்கொடுத்தவர்களே இண்டூர்க்காரனைத் திட்டித் தீர்த்தார்கள். அவன் தலையே நிமிரவில்லை.

கடத்தூர்க்காரன் தண்ணீர் கொண்டுவந்து என் முழங்கால் காயத்தைக் கழுவினான். "நான் நின்னிருந்தா உங்களுக்கு இவ்ளோ அடி பட்டிருக்காதுங்கண்ணா" என்றான். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டான்.

அன்று வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள், இனி மட்டையைத் தொடமாட்டேன் என்று இண்டூர்க்காரன் சொன்னபோது தாங்க முடியாமல், எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கேப்டன் கத்தினான். இண்டூர்க்காரன் மட்டும் மெதுவாகக் கேட்டான்:

"அப்ப, நான் நல்லா ஆடுவேன்னு நம்பி நீ சொல்லலியா?"

அடுத்த ஆட்டத்தில் கடத்தூர்க்காரன் ஆடினான், வென்றோம். இண்டூர்க்காரன் வேடிக்கை பார்க்கக்கூட வரவில்லை.

பின்னாளில் வேலையில் எத்தனையோ முறை, யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயில் வந்த பெயரைச் சற்று நிறுத்தி, இதை அவருக்காகச் சொல்கிறேனா எனக்காகவா என்று யோசித்த பிறகே சொல்லியிருக்கிறேன்.