பங்குக் கிணற்றின் மறுபாதி

நான் வரலாறு படிப்பித்தவள். திகதியில்லாத சம்பவத்தை வகுப்பில் சொன்னதுமில்லை, வெளியில் நம்பினதுமில்லை. பேய், காத்து, கழிப்பு என்று யாராவது கதையெடுத்தால் எந்த வருஷம், எந்தத் தெரு, கண்ட ஆள் யார் என்று கேட்பேன், மூன்றாவது கேள்விக்குள் அந்தக் கதை செத்துவிடும். இதை வாசிக்கிறவர்களும் என்னிடம் அதையே கேட்பார்கள் என்று தெரியும். கேளுங்கள். கண்ட ஆள் நான். இடம், திருகோணமலையில் உட்துறைமுகத்தை நோக்கி இறங்குகிற ஓர் ஒடுங்கிய தெரு, ஓர் ஒழுங்கை. நான் வீடு வாங்கிய ஒழுங்கை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், அதுவும் கல்யாணம் கட்டிய பெண்பிள்ளைக்கு. நான் கட்டவில்லை. அன்புவழிபுரத்தில் அப்பா கட்டிய வீடு தங்கச்சி ரீட்டாவுக்குச் சீதனமாகப் போனது. அதே வீட்டின் பக்கத்து அறையிலிருந்துதான் நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன், அங்கிருந்தபடியேதான் வேலையிலிருந்து இளைப்பாறினேன். மரியாதையில் யாரும் குறை வைக்கவில்லை. ஆனால் என் அலுமாரியை ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு மாற்றுவதென்றாலும் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். இளைப்பாறியபோது கையில் வந்த காசைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கேட்காமல் அலுமாரியை நகர்த்துவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் தோன்றியது.

தரகர் அந்தோனி காட்டியது ஏழாவது வீடோ எட்டாவது வீடோ. இரண்டு அறை, ஒரு குசினி, ஓடு போட்ட கூரை, பின்வளவில் ஒரு பிலாமரம்.

"கிணறு மட்டும் பங்குக் கிணறு, டீச்சர். அதுதான் விலை இறங்கி நிக்குது" என்றார்.

"பங்காளி எப்படிப்பட்ட ஆள்?"

"திறமான ஆள். கனடாவில இருக்கிறார். சண்டைக்கு வரவேணுமெண்டா முதல் டிக்கெட் போடவேணும்."

கிணறு இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்தது. அதன் குறுக்கே கொங்கிரீட் வளை ஒன்றை உத்தரம்போலப் போட்டு, வளைக்கு மேலே ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பியிருந்தார்கள், இரண்டு வீட்டுப் பெண்களும் மறைவாகக் குளிப்பதற்காக. மேலே மதில் பிரிக்கிறது, கீழே தண்ணீர் ஒன்று. இந்தப் பக்கம் ஒரு கப்பி, அந்தப் பக்கம் ஒரு கப்பி. வீட்டு உறுதிப்பத்திரம் எழுதும்போது நொத்தாரிசு அந்த வரியை இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்: கிணற்றில் பிரிக்கப்படாத பாதிப் பங்கு. ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் அதை மூட ஏலாது என்றும் விளங்கப்படுத்தினார். யார் மூடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

குடிபுகுந்த அன்று முன்வீட்டு பாத்திமா ராத்தா தேத்தண்ணியும் கொண்டு வந்து ஒரு புத்தியும் சொன்னார்.

"டீச்சர், கிணத்துல வாளி உடக்குள்ள சொல்லிட்டு உடுங்க. 'வாளி விடுறன்' எண்டு. ரெண்டு பக்கமும் ஒண்டா உட்டா கயிறு சுத்திக்கொள்ளும். அந்தக் கிணத்துப் பழக்கம் அது."

"அந்தப் பக்கம் ஆளில்லையே, ராத்தா. ஆருக்குச் சொல்லுறது?"

"சொன்னா வாய் தேஞ்சிடுமா, என்ன?"

நான் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பைப் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்தது. கிணறு எனக்கு மாலையில் பூக்கன்றுகளுக்கு ஊற்றத்தான்.

தனியாக இருப்பது எப்படியென்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் கிழமை அலுமாரியை மூன்று தரம் இடம் மாற்றினேன். அதற்குப் பிறகு மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமை சந்தையில் மீன்காரனோடு இரண்டு வார்த்தை, ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நான்கு வார்த்தை. பாத்திமா ராத்தாவும் மகளின் பிள்ளைப்பேற்றுக்கென்று கிண்ணியாவுக்குப் போய்விட்டார். மழைக்காலத்தில் சில நாட்கள் படுக்கப் போகும்போதுதான் நினைவு வரும், இன்று வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லவில்லையென்று.

தைப்பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்று நல்ல வெயில், கோயில் மணி அடித்துக் கொஞ்ச நேரம், இன்னும் இருட்டவில்லை. வாளியை இறக்கினேன், நிரம்பியது, இழுத்தேன், இரண்டு மடங்கு பாரம். வேர் ஏதும் சிக்கிவிட்டதாக்கும் என்று நினைத்துக் கிணற்றுக் கட்டின்மேல் காலை ஊன்றி இழுத்தேன். நம்பினால் நம்புங்கள், மேலே வந்தது இரண்டு வாளி. ஒன்று என்னுடைய நீலப் பிளாஸ்டிக் வாளி. மற்றது அலுமினிய வாளி, விளிம்பில் ஒரு நெளிவு, நிறையத் தண்ணீர். அதன் கயிறு என் கயிற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி, கீழே போய், வளைக்கு அடியால் மறுபக்கம் ஏறிப் போனது.

பயம் அப்போது வரவில்லை. வந்தது வெட்கம். ஒருவரின் முறைக்குள் குறுக்கே போய்விட்டேனே என்ற வெட்கம். அவசரமாகச் சிக்கை எடுத்து அந்த வாளியைக் கிணற்றுக்குள் மெதுவாக விட்டேன். கயிறு என் உள்ளங்கையால் உருவிக்கொண்டு போனது, பறிக்கிற மாதிரியல்ல, தன் பொருளைத் திருப்பி வாங்குகிறவர் இழுக்கிற மாதிரி. அந்தப் பக்கம் கப்பி கிரீச்சிட்டது. ஏதோ பாத்திரத்தில் தண்ணீர் விழுந்தது. அதோடு சரி.

விடிந்ததும் அந்தோனியைக் கூப்பிட்டேன். பூட்டு உடைந்து கிடந்த படலையைத் தள்ளி உள்ளே போனோம். கூரை பாதி விழுந்திருந்தது. கிணற்றடியில் சருகு மூடிக் கிடந்தது, ஈரம் இல்லை, காலடி இல்லை. கப்பி துருவேறி இறுகிப்போயிருந்தது, அந்தோனி இரண்டு கையாலும் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. கயிறே இல்லை.

"டீச்சர், நீங்க ராத்திரி என்ன சாப்பிட்டனீங்க?" என்றார் அந்தோனி.

நான் சும்மா விடுகிற ஆளில்லை. அந்தக் கனடாக்காரரின் இலக்கத்தைத் தேடியெடுத்து, கிணற்றைத் திருத்தப் போகிறேன் என்று சாட்டுச் சொல்லி வாட்ஸ்அப்பில் கதைத்தேன். அந்த வீட்டில் யாரும் செத்ததில்லை. கிணற்றில் யாரும் விழுந்ததில்லை. தாய், தகப்பன், இரண்டு அக்கா, எல்லோரும் அங்கே சுகமாக இருக்கிறார்கள், தாயே வந்து முகம் காட்டிக் கதைத்தார். அவர்களுக்கு முன்பு அது வெறும் காணி. இதற்கு மேல் எந்த வரலாற்றைத் தோண்டுவது?

அன்றிலிருந்து நான் சொல்லத் தொடங்கினேன். மாலையில் கட்டடியில் நின்று, "வாளி விடுறன்." பதில் வந்ததில்லை. கயிறும் பிறகு சிக்கியதில்லை. சில நாட்களில் என் வாயிலிருந்து வந்த ஒரே வாசகம் அதுதான். உண்மையைச் சொன்னால், அதைச் சொல்வதற்காகவே மழை பெய்து கன்றுகள் நனைந்திருந்த நாட்களிலும் கிணற்றடிக்குப் போனேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு ஞாயிறு ரீட்டா வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ முடிவோடு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கனடாக்காரர் தன் பாதியை விற்கப் போகிறாராம். வாங்க வந்தவருக்கு இரண்டு வளவும் சேர்த்து வேண்டுமாம், விருந்தினர் விடுதி கட்ட. கிணற்றை மூடித்தான் கட்டடம்.

"நல்ல விலை தாறாங்களாம், அக்கா. வித்துப்போட்டு எங்களோட வாங்கோ. அறை அப்பிடியே கிடக்குது."

"என்ர அலுமாரிக்கு இடமிருக்கோ?"

"பகிடி விடாதேங்கோ. ஒரு காய்ச்சல் வந்தா ஆர் எட்டிப் பாக்கிறது? ஆரோடயும் கதையில்லாம, இந்த வளவுக்க தனிய இருந்து என்ன செய்யப் போறீங்க?"

இரண்டு நாளாகத் தொண்டை கட்டி, குரல் கம்மிப்போய்க் காற்றாகத்தான் வந்தது, அவளுக்கும் அது தெரிந்தது. தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போனேன். விற்கச் சம்மதித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கேத்தில் தண்ணீர் கொதிக்கும்வரை அந்தப் பக்கத்து அறையில் அலுமாரி எங்கே நின்றது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ரீட்டா கால் கழுவப் போவதாகச் சொல்லிப் பின்னால் போனாள்.

திரும்பி வந்தவளின் முகம் மாறியிருந்தது. ஏதோ பாரம் இறங்கின மாதிரி.

"ஏனக்கா சொல்லேல்ல? பக்கத்தில ஆள் இருக்குதுதானே."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"மதிலுக்கு அங்கால ஒரு மனிசி. முகம் தெரியேல்ல, குரல்தான். நல்ல மனிசிபோல. 'டீச்சருக்குச் சுகமில்லையோ? ரெண்டு நாளாக் குரலைக் காணேல்ல' எண்டு கேட்டவ. தொண்டைதான் கட்டிக்கிடக்கு எண்டு சொன்னனான். இஞ்சி போட்டுக் குடுக்கச் சொன்னவ."

நான் பின்கதவால் மதிலைப் பார்த்தேன்.

"இப்பிடி ஒரு ஆள் பக்கத்தில இருந்தா எனக்கென்ன கவலை" என்றாள் ரீட்டா. அதற்குப் பிறகு விற்பனைக் கதையை எடுக்கவேயில்லை. போகும்போது தானே குசினிக்குள் போய் இஞ்சி தட்டிப் போட்டு ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போனாள்.

நான் விற்கவில்லை. என் கையெழுத்து இல்லாமல் கிணற்றை மூட முடியாதென்பதால் வாங்க வந்தவரும் வேறு காணி பார்த்துக்கொண்டு போய்விட்டார். மறுபக்கம் இன்னும் அப்படியே கிடக்கிறது, நான் மாதத்துக்கு ஒருமுறை படலையால் எட்டிப் பார்க்கிறேன். சருகுதான். ஒவ்வொரு ஞாயிறும் ரீட்டா தொலைபேசியில் "பக்கத்து மனிசி சுகமோ?" என்று கேட்கிறாள். ஓம், சுகம் என்கிறேன். பொய்யா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

என்னை இன்றைக்கும் உறுத்துவது அந்தக் குரல் வந்ததல்ல. அது ரீட்டாவோடு கதைத்தது. அவ்வளவு காலம் மாலைக்கு மாலை கூப்பிட்ட என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை, இன்றுவரை இல்லை. தொண்டை சுகமான பிறகு ஒருநாள் வேண்டுமென்றே சொல்லாமல் நின்றேன். வாளி கையில், வாய் மூடியபடி. கேட்கட்டும், சுகமில்லையோ என்று என்னிடமே கேட்கட்டும் என்று. அந்தப் பக்கம் கப்பி ஒருதரம் கிரீச்சிட்டு நின்றது. பிறகு சத்தமில்லை. யாரோ தன் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் முதலில் விடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. துறைமுகத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

கடைசியில் நான்தான் சொன்னேன். "வாளி விடுறன்."

என் வாளி தண்ணீரில் விழுந்தது. நிரம்பி மேலே வந்தது. அதைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்த பிறகுதான் மற்ற வாளி இறங்கியது.