அறுபத்து மூன்றாம் பக்கமும் ஒரு கையெழுத்தும்

மறைக்கத் தெரியாத மனிதர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அந்தக் குறைக்கு மாதச் சம்பளமும் சுழல்நாற்காலியும் கொடுத்து ஒருவரை வைத்திருந்தது ஒரு பூட்டுக் கம்பெனி. அன்பினால் அல்ல. பங்குதாரர்களுக்குப் போகும் கடிதங்களில் ‘அவர்கள் அறிய வேண்டியது எதுவும் விடுபடவில்லை’ என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. இருபத்தொன்பது வருடமாக அந்தக் கையெழுத்து இவருடையது. சக ஊழியர்கள் வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு அம்மா’.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. வீட்டுப் பழைய ஃபிரிட்ஜை விற்கும்போது, “கதவை ரெண்டு தடவை சாத்தணும், அடியில தண்ணி கசியும், உள்ள லைட் எரியாது. ஷாக் மட்டும் அடிக்காது, இதுவரைக்கும்” என்றார். வாங்க வந்தவர் அந்த ‘இதுவரைக்கும்’ காதில் விழுந்ததும் செருப்பைத் தேடினார். மகளைக் கட்டிக்கொள்ள விரும்பிய பையனை உட்காரவைத்து, “தம்பி, அவ குறட்டை விடுவா. முடிவெடுக்கறதுக்கு முன்னாடி நீங்க தெரிஞ்சுக்கணும்” என்றார். “எனக்குத் தெரியும் அத்தை” என்று பையன் உளற, “பஸ்ஸுல, அம்மா, பஸ்ஸுல!” என்று மகள் உள்ளிருந்து கத்த, அந்த வீட்டில் அன்று எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே உண்மைகள் வெளிவந்தன.

வேலையிலும் அவருக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடிதமானாலும் கையெழுத்துக்கு முன் லிஃப்ட் அண்ணனிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். லிஃப்டை இயக்குகிற அந்த மனிதரிடம் கம்பெனிப் பங்கு ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும், வங்கிக்காரர்கள், வக்கீல்கள் பெயரோடு அவர் பெயரும் ரகசியம் அறிந்தோர் பதிவேட்டில் முறைப்படி ஏறியிருந்தது. மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தினால் சுவருக்குக்கூடக் கேட்காது. படிப்பு முடியும்வரை கம்பெனி முழுக்கப் படியேறும். அண்ணனுக்குப் புரியாத வரி பங்குதாரருக்கும் புரியாது என்பது அம்மாவின் சட்டம்.

ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போதுதான் ஓர் இரும்புக் கம்பெனி பூட்டுக் கம்பெனியை முழுசாக வாங்கக் கிளம்பியது. சிறு பங்குதாரர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப்பேர் பழைய தொழிலாளிகள். பங்கை விற்பதா வேண்டாமா என்று இருபது நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விற்றால் விற்றதுதான். ‘நல்ல விலை, தாராளமாக விற்கலாம்’ என்று நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு எண்பத்தெட்டுப் பக்கத்தில் கடிதம் தயாரித்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அது தபாலில் சேராவிட்டால் பேரமே ரத்து.

வியாழக்கிழமை லிஃப்ட் நடுவழியில் நின்றது. அறுபத்து மூன்றாம் பக்கத்தில் அண்ணன் கையைத் தூக்கினார்.

“அந்த வரியத் திரும்பப் படிங்கம்மா.”

“‘நிர்வாகத் தொடர்ச்சியை முன்னிட்டு உரிய தரப்பினருடன் தகுந்த ஏற்பாடுகள் எட்டப்பட்டுள்ளன.’”

“அப்படின்னா?”

அம்மா அடுத்த பக்கத்தைப் புரட்டி விளக்கம் தேடினார். இருபத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

“வித்தப்புறம் நம்ம முதலாளி வீட்டுக்குப் போயிடுவாரா, இல்ல அங்கயும் நாற்காலி இருக்கா? அதத்தானே இவ்ளோ சுத்தி வளைச்சு சொல்றாங்க?”

“லிஃப்ட மேல விடுங்கண்ணே” என்றார் அம்மா.

ஆறாம் மாடியில் நிர்வாக இயக்குநரும் வக்கீலும் இருந்தார்கள். கேட்ட கேள்விக்கு வக்கீல் சிரித்தார். “அஞ்சு வருஷப் பதவிதான் மேடம். மறைக்கலயே, அறுபத்து மூணாம் பக்கத்துல இருக்கே.”

“இருக்கு சார், மூணு வருஷம் சட்டம் படிச்சவங்களுக்கு. விக்கச் சொல்றவருக்கு அதுல என்ன லாபம்னு முதல் பக்கத்துல இருக்கணும். இல்லன்னா என் கையெழுத்து இல்ல.”

நிர்வாக இயக்குநர் குரலில் சர்க்கரையைக் கொட்டினார். “அம்மா, உங்களுக்கு ரெண்டு மாசத்துல ரிட்டையர்மென்ட் இல்ல? ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம்னு நேத்துதான் நினைச்சேன். உங்கள மாதிரி ஒருத்தர் இல்லாம எப்படி?”

அந்த மேசை அம்மாவுக்கு உயிர். வீட்டில் சும்மா உட்கார்வதை நினைத்தாலே காய்ச்சல் வரும். கடிதத்தின் முதல் பக்கத்தை மேலே எடுத்து வைத்தார்.

“ரொம்ப சந்தோஷம் சார்” என்றார். “அதையும் போட்டுடலாம்.”

“எதை?”

“கையெழுத்துப் போடறவளுக்கும் ரெண்டு வருஷம் கிடைக்குதுன்னு. உங்களோட அஞ்சு வருஷத்துக்குக் கீழயே. பக்கத்துல பக்கத்துல அழகா இருக்கும்.”

வக்கீலின் பேனா மேசைக்கடியில் போனது. அதை எடுக்கக் குனிந்தவர் தேவைக்கு அதிகமாகவே கீழே இருந்தார். கம்பெனியில் அந்தச் சான்றில் கையெழுத்திடத் தகுதியுள்ளவர் வேறு யாரும் இல்லை. நாளை நாலு மணி வேறு நெருங்குகிறது. நிர்வாக இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார். கூடவே, நீட்டிப்பு இல்லை என்றும் சொன்னார்.

கடிதம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டிக்கொண்டு போனது: ‘உங்களை விற்கச் சொல்லும் நிர்வாக இயக்குநருக்கு, வாங்கும் கம்பெனி ஐந்தாண்டுப் பதவி தருகிறது.’ கீழே பொடி எழுத்தில்: ‘சான்றளிக்கும் அதிகாரிக்கு முன்மொழியப்பட்ட பணி நீட்டிப்பு, முன்மொழிந்த பதினோராவது நிமிடத்தில் திரும்பப் பெறப்பட்டது.’ இதை ஏன் போட வேண்டும் என்று வக்கீல் கெஞ்சிப் பார்த்தார். நடந்ததா இல்லையா என்று மட்டும் கேட்டார் அம்மா.

திங்கட்கிழமை கடிதத்தின் ஒரு பிரதி அவர் வீட்டுக்கும் வந்தது. கணவரிடம் இருபது பங்கு இருந்தது. அவர் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது நல்லாப் புரியுது. வேலை போச்சா உனக்கு?”

“போச்சு. ரெண்டு மாசத்தோட சரி.”

“சரி விடு. நான் விக்கட்டுமா, வேண்டாமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“உனக்குத் தெரியாம யாருக்குடி தெரியும்? உங்க ஆபீஸ்ல என்ன பேசிக்கறாங்க? விலைய ஏத்துவானா?”

“நாலாயிரம் பேருக்குச் சொல்லாதத உங்களுக்கு மட்டும் எப்படிங்க சொல்றது?”

“கட்டின புருஷன்டி நான்!”

“அது வேற. இதுல நீங்க இருபது பங்கு.”

அவர் மூன்று நாள் முறைத்தார். அந்த வாரம் விற்க முன்வந்தவர்கள் எண்ணிக்கை வாங்க வந்தவர்களைத் திடுக்கிட வைக்கும் அளவுக்குக் குறைவு. இரும்புக் கம்பெனி விலையை ஏற்றியது. அந்தச் செய்தியைத் தாங்கிய கடிதத்தை அம்மா வியாழக்கிழமை லிஃப்டில் படித்துக்காட்டி, கையெழுத்திட்டு, தபாலில் சேர்த்தார். அன்று மாலை வீட்டில் கணவரோடு உட்கார்ந்து காபி குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார்.

கணவருக்கு அது சனிக்கிழமை தபாலில் தெரிந்தது, மற்ற நாலாயிரம் பேரோடு சேர்ந்து.