எப்சிபா வெளுத்த அங்கி

இங்கிலாந்தில் டெவன் பகுதியிலுள்ள எங்கள் ஊரில் இருபது வருஷமாகக் கோவில் துணி வெளுத்தவள் எப்சிபா எண்டகாட். பழைய போதகர் வெள்ளை அங்கியில் ஜெபம் வாசிப்பார். பிரசங்கத்துக்கு முன் அதைக் கழற்றிக் கறுப்பு அங்கிக்கு மாறுவார். 1844இல் வந்த புதுப் போதகர் காத்தோர்ன் மாறவில்லை. வெள்ளையோடே பிரசங்க பீடம் ஏறினார். அது கத்தோலிக்கப் பழக்கம் என்று பாதிச் சபை எழுந்து வெளியே போய்விட்டது.

மறுநாள் கோவில் நிர்வாகி லஸ்கோம் அவளுடைய துணிக்கொடிக்கே வந்தார்.

“அந்த ஆளு போப்போட ஆளுன்னு பேசிக்கிறாங்க எப்சிபா. அங்கியில எங்கயாவது சிலுவை தைச்சிருக்கான்னு பாத்துச் சொல்லு.”

“நீங்களே பாக்கறதுதானே?”

“என் கை பட்டா வேற பேச்சு வரும்.”

அவளுக்கும் சந்தேகம் இருந்தது. தேடினாள். கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் நகமளவு சிலுவை. பக்கத்தில் ஊசித் துளைகள் மட்டும். ஈர அங்கியோடு போதகர் வீட்டுக்குப் போனாள்.

“இது என்னங்கய்யா?”

“சலவைக் குறி. காலேஜ்ல துணி மாறிடக் கூடாதுன்னு எங்க அக்கா தைச்சது.”

“குறின்னா பேரோட எழுத்து இருக்குமே.”

“இருந்துச்சு. நூல் இத்துப் போச்சு.”

“சிலுவை மட்டும் இத்துப் போகலையா?”

அவர் முகம் சிவந்தது. “வெளுக்கத்தான் உங்கிட்ட குடுத்தேன்.”

வீடு திரும்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எழுத்து தானாக உதிர்ந்ததா, யாராவது பிரித்ததா, தெரியவில்லை. லஸ்கோமிடம் சொன்னால் போதகர் வீட்டு ஜன்னலுக்குக் கல் வரும். பிறகு யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. சிலுவையையும் ஊசியால் பிரித்து எடுத்தாள்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் லஸ்கோமிடம்.

“போதகர் வீட்டுல உனக்கென்ன வேலை? போனதைப் பாத்தவங்க இருக்காங்க.”

அந்த வாரமே மூன்று வீட்டார் அவளிடம் வெளுக்கத் துணி போடுவதை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் ஊரார் புகாரின் பேரில், வெள்ளையில் பிரசங்கிக்கக் கூடாதென்று பேராயரின் உத்தரவு வந்தது. காத்தோர்ன் கறுப்பு அங்கியில் பீடம் ஏறினார். அதற்குள் கழுத்துப் பட்டியில் சிலுவை இல்லாததை அவரும் கண்டிருந்தார். அதைப் பிரித்து ஊராரிடம் சாட்சியாகக் கொடுத்தது எப்சிபாதான் என்று முடிவு கட்டி, துணியை வெளுக்க எக்ஸிட்டர் நகரத்துக்கு அனுப்பத் தொடங்கினார்.

“நான் குடுக்கல ஐயா,” என்று வாசலில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“நான் கேக்கலையே,” என்றார் அவர்.

பிறகு அவள் விடுதிக்காரனின் படுக்கை விரிப்புகளை வெளுத்துப் பிழைத்தாள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்கு வந்தாள். அவர் என்ன உடுத்தினாலும், அவர் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் தன் வேதாகமத்தில் திருப்பிச் சரிபார்த்தாள்.