மியூவுக்காக எடுத்த புருவம்

எங்கள் பூனை செத்த மறுநாள் காலை, என் மகள் புருவமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றாள். வெள்ளைச் சட்டை, பச்சை லோஞ்சிப் பாவாடை, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சு எல்லாம் சரியாக இருந்தன. புருவம் இருந்த இடத்தில் மட்டும் தோல் சிவந்து பளபளத்தது. அவள் அப்பாவின் ரேசரை எடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் லேசாகக் கீறலும் விழுந்திருந்தது.

"என்னடி இது?"

"பூனை செத்தா புருவத்த எடுக்கணும்மா. எகிப்துல அப்பிடித்தான்."

என் கணவர் பர்மாக்காரர். அலோன் துறைமுகத்துப் பக்கம் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அவருக்கு வேலை. எலிக்காக அங்கே பூனைகள் வளர்ப்பார்கள். அப்படிப் பிறந்த ஒரு குட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதே சமயத்தில்தான் பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில், பழங்கால எகிப்தைப் பற்றிய படம் போட்ட பர்மியப் புத்தகம் ஒன்றும் வாங்கி வந்தார். அந்த ஊர்க்காரர்கள் பூனையை 'மியூ' என்றுதான் சொல்வார்களாம். தானியக் களஞ்சியத்தில் எலி பிடித்ததால்தான் பூனைக்கு அங்கே அவ்வளவு மரியாதையாம். குட்டிக்கு உடனே மியூ என்று பேர் விழுந்தது.

நான் வீட்டுக்குக் கீழேயே சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறேன். மாலையில் நான் வாடிக்கையாளர்களுக்கு நூல் போட்டுப் புருவம் திருத்தும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாசிப்பாள். ஆணும் பெண்ணும் கண்ணுக்கு மை தீட்டியதும், தலையை மழித்துவிட்டு சவுரி வைத்துக்கொண்டதும் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. என் தொழில் அத்தனை பழசு என்று தெரியாது. செத்தவர்களின் மூளையை மூக்கு வழியாக எடுப்பார்கள் என்று அவள் வாசித்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மியூ எலிமருந்து தின்ற எலியைத் தின்றுவிட்டது. வாயில் நுரை தள்ளி, மகள் மடியிலேயே செத்தது.

இதெல்லாம் தெரிந்தும் அந்தக் காலையில் எனக்குக் கோபம்தான் வந்தது. பென்சிலை எடுத்துப் புருவம் வரையப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வரைஞ்சா எடுத்ததுக்கு அர்த்தமே இல்லம்மா."

"பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்கடி."

"தாத்தா செத்தப்ப மாமா மொட்டை போட்டு மீசைய எடுத்தாரே. யாராச்சும் சிரிச்சாங்களா?"

அண்ணன் அந்த மொட்டைத் தலையோடுதான் வேலைக்குப் போனான். அவனிடம் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

நானே அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனேன். வகுப்பு ஆசிரியை, ஸயாமா, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தோல் வியாதியா என்று கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"உங்க மதத்துல இப்படி உண்டா?"

"எங்க மதத்துல இல்ல, ஸயாமா. எகிப்துல," என்றேன்.

ஸயாமா சிரிக்கவில்லை. மகளைப் பார்த்து, "எவ்வளவு நாள் இப்படி?" என்று கேட்டார்.

"முளைக்கிற வரைக்கும். அதுவரைக்கும் துக்கம்," என்றாள் மகள்.

போய் உட்காரச் சொன்னார்.

பூனையின் உடம்புதான் பெரிய பாடாக இருந்தது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. புதைக்க ஒரு கை மண் கிடையாது. ஆற்றில் விட்டுவிடலாம் என்றேன். மகள் கேட்கவில்லை. உடம்பு கெடாமல் இருந்தால்தான் உயிர் திரும்பி வந்து அதைக் கண்டுபிடிக்கும் என்பது எகிப்துக்காரர்கள் நம்பிக்கை. அதற்காகத்தான் ஒருவித உப்பில் புதைத்து உலர்த்துவார்களாம். என் கணவர் மீன் சந்தைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கி வந்தார். அப்பாவும் மகளும் மியூவை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து உப்பால் மூடிப் பால்கனியில் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கியாக்தானில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுத் தோட்டத்தில் புதைப்பதாகப் பேச்சு. சனிக்கிழமைக்குள் நாற்றத்தில் பால்கனிப் பக்கம் போக முடியவில்லை. மற்ற மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை என் கணவர் குளித்துவிட்டு வந்தார். அவருக்கும் புருவம் இல்லை.

"வீட்டில் எல்லோரும் எடுக்க வேண்டும் என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது," என்றார் பர்மிய மொழியில், லோஞ்சி மாற்றிக் கட்டியதைச் சொல்வதுபோல.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். புருவம் இல்லாமல் பார்லரில் எப்படி நிற்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அம்மாவுக்கு வேணாம். அம்மாவுக்கு வேலை அது," என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, தனியாக விடப்பட்ட மாதிரியும் இருந்தது.

பஸ்ஸில் ஒரு பெண் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து மகளுக்கு இடம் கொடுத்தாள். ஏதோ பெரிய வியாதி என்று நினைத்திருக்க வேண்டும். இறங்கும்போது ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

என் நாத்தனார் கருவாடு போடுகிறவர். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் சுளிக்கவில்லை, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"குடலை எடுக்காமல் உப்புப் போட்டால் எப்படித் தாங்கும்?"

"அவங்களும் எடுப்பாங்க ஜீஜீ," என்றாள் மகள் அத்தையிடம். "எங்களுக்குத்தான் மனசு வரல."

தோட்டத்துக் கோடியில் பலாமரத்தடியில் குழி வெட்டினோம். மகள் மியூவைப் பழைய துணியில் சுற்றி வைத்து, பக்கத்தில் இரண்டு கருவாட்டுத் துண்டையும், அது விளையாடிய நூல் கண்டையும் வைத்தாள்.

நாத்தனார் குனிந்து, "சாப்பாடு வைக்காதே மகளே," என்றார். "வைத்தால் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அது அடுத்த பிறவிக்குப் போகட்டும்."

"திரும்பி வந்தா பசிக்குமே."

"திரும்பி வரக்கூடாது என்றுதானே நாம் வேண்டிக்கொள்கிறோம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாங்கள், என் பிறந்த வீட்டார், எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு, அதன்பிறகும் திதி தவறாமல் எங்கள் அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துக் காக்கைக்கு வைக்கிறவர்கள். போய்விட்டார் என்றா வைக்கிறோம், வருவார் என்றா? நான் அதுவரை யோசித்ததே இல்லை.

"மீன் இருக்கட்டும் அண்ணி," என்றேன். "வழியில சாப்பிட்டுக்கும்."

மண்ணைத் தள்ளியபின் நாத்தனார் கைகூப்பி, செய்த புண்ணியத்தைப் பங்கு தரும் வார்த்தையை, "அம்யா, அம்யா, அம்யா" என்று மெதுவாகச் சொன்னார். மகளும் கூடச் சொன்னாள்.

கிட்டங்கியில் என் கணவரைக் கொஞ்ச நாள் தாய்லாந்துச் சாமியார் என்று கூப்பிட்டார்கள்; அங்கே சாமியார்கள் புருவத்தையும் மழித்துவிடுவார்கள். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பார்லருக்கு வந்தவர்கள் மகளைப் பற்றிக் கேட்டார்கள். ஆரம்பத்தில் அலர்ஜி என்றேன். அப்புறம் உள்ளதையே சொன்னேன். ஒரு பெண் மட்டும் தன் நாய் செத்த கதையைச் சொல்லி, நூல் ஓடும்போதே அழுதாள். நான் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

மகளுக்குப் புருவத்தில் முதலில் கரிக்கோடு மாதிரி நிழல் தட்டியது. பிறகு முடி குத்திட்டு நின்றது. அவள் தினமும் என் பார்லர் கண்ணாடியில் கிட்டப்போய்ப் பார்ப்பாள். சந்தோஷப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாலை கண்ணாடி முன்னாலேயே அழ ஆரம்பித்தாள். மியூ செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

"வந்துடுச்சும்மா. இனி துக்கம் முடிஞ்சுதா? இனி அழக்கூடாதா?"

"அது அவங்க கணக்கு," என்றேன். "நம்ம வீட்டுல அப்பிடி ஒண்ணும் இல்ல."

"மாமா முடி வளந்தப்புறம் அழுதாரா?"

"இப்பவும் சில நாள் அழுவாரு."

அவள் என் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்லி, ஒரு பத்து நிமிஷம் ஆகும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, மாடிக்குப் போய்ப் பள்ளிக்கூட லோஞ்சியைத் துவைத்துப் போட்டாள்.