புகை மிஷினும் நீலப் பம்பும்

நான் இருக்கும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், என் மகள் யாழினியின் வகுப்பறை வாசலில் சின்னச் சின்னத் துணிப்பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர், உள்ளே அந்தக் குழந்தையின் இன்ஹேலர். போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கலாம். முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைக்கு இளைப்பு என்பதை நாம் அடுத்த வீட்டுக்குக்கூடச் சொல்லமாட்டோம், இவர்கள் பெயரெழுதி மாட்டியிருக்கிறார்களே என்று நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

யாழினிக்கு இளைப்பு வந்தது எங்கள் ஊர் ஆழ்வார்குறிச்சியில், இரண்டு வயதில். பாளையங்கோட்டை மருத்துவர் அப்போதே இன்ஹேலரையும், அதைச் செருகும் பிளாஸ்டிக் குழாயையும், முகமூடியையும் காட்டி இதுவே போதும் என்றார். நாங்கள் கேட்டால்தானே? பம்பு என்று நாங்கள் சொல்லும் அந்த நீல இன்ஹேலர் என்றால் கடைசி மருந்து, பிள்ளைக்குப் பழகிவிடும் என்று ஒரு பயம். அடம்பிடித்துப் புகை வைக்கும் மிஷினை, அதாவது நெபுலைசரை, வாங்கினோம். அதன்மேல் எனக்குக் காதலே உண்டு. சாரல் விழும் சாயங்காலங்களில் அது உர்ரென்று ஓட, வெள்ளைப் புகைக்குள் யாழினியின் கண்கள் செருகி, அப்பா என்று முனகி என் நெஞ்சின் மேலேயே உறங்கிப்போவாள். ஜன்னலுக்கு வெளியே வயலும் மலையும் அந்தப் புகையில் மிதப்பதாக, நானும் பாதி உறக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். மருந்து வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்தது. பம்பின் ஒரு அமுக்கில் என்ன தெரியும்?

அந்த மிஷினைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன். லீட்ஸில் செவிலி, யாழினி வீட்டில் இன்ஹேலர் எடுக்கிறாளா என்று கேட்டாள். "அவளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்றேன், பெருமையாக. அவள் பொறுமையாகச் சொன்னாள்: சாதாரண இளைப்புக்குக் குழாய் வைத்த பம்பு, மிஷினுக்குக் குறைந்ததில்லை; மூச்சு ரொம்பவும் திணறினால் வீட்டில் எதையும் நம்பி உட்காராமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். பாளையங்கோட்டையில் கேட்ட அதே பேச்சு. கடல் தாண்டி வந்து கேட்டபோதும் எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. பம்பு வாங்கினோம், மிஷினையும் விடவில்லை.

போன ஆவணியில் யாழினியோடும் மிஷினோடும் ஆழ்வார்குறிச்சிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பவித்ராவுக்குப் பூ வைத்துச் சம்பந்தத்தை உறுதிசெய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். காலையில் ஆற்றில் ஆட்டம் போட்ட யாழினிக்கு அந்த நேரம் பார்த்து இளைப்பு தொடங்கியது. அக்கா என்னை அடுக்களைக்குள் இழுத்தாள்.

"ஏலே, அந்தப் பம்ப வெளிய எடுத்துராத. குடும்பத்துலயே இளைப்பு இருக்குன்னு நெனைச்சிருவாங்க. உள்ரூம்ல வச்சு யாருக்கும் தெரியாம மிஷின போடு."

அவளைக் குறை சொல்லமாட்டேன். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. உள்ளே போய், மருந்தை ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். மலைக்காற்றில் எங்கேயோ மரம் சாய்ந்திருக்க வேண்டும், மின்சாரம் போய்விட்டது. வந்துவிடும், வந்துவிடும் என்று உட்கார்ந்திருந்தேன். யாழினியின் நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது. "அப்பா, பம்பு" என்றாள். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

பம்பு இருந்த பை கூடத்தில், மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில். யாழினியைத் தூக்கிக்கொண்டு போய், "அண்ணாச்சி, கொஞ்சம் காலத் தூக்கிக்கிடுங்க" என்றேன். அவர் காலைத் தூக்க, பையை இழுத்தெடுத்தேன். அவசரத்தில் பம்பைக் குழாயில் செருக எனக்கு வரவில்லை. அக்கா பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

"குடு லே. எப்படி அமுக்கணும், சொல்லு."

நான் சொல்லச் சொல்ல அமுக்கினாள். மூச்சுகளை அவளே எண்ணினாள்.

"அது பழகிராதாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"மூச்சு விடுததும் பழக்கந்தான அண்ணாச்சி" என்றாள் அக்கா, நிமிராமல்.

கொஞ்சநேரத்தில் யாழினிக்கு இளைப்பு அடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து பூச்சரத்தை எடுத்துக்கொண்டு, "பவித்ராவ வரச்சொல்லுங்க, நேரமாவுதுல்லா" என்றார். அக்கா அழுதுவிட்டாள்.

அப்போது மின்சாரம் வந்தது. உள்ளறையில் மிஷின் தானாக ஓடத் தொடங்கி, ஆளில்லாத கட்டிலுக்குப் புகை வைத்துக்கொண்டிருந்தது. அணைக்கப்போன நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் என் மகள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இருந்தும், அந்தச் சாரல் சாயங்காலங்களில் போல, அந்தப் புகைக்குள் போய் ஒரு நிமிடம் படுத்துக்கொள்ள வேண்டும்போல எனக்கு இருந்தது.