ஏரியைச் சுற்றி ஒரு செம்பு

என் மகளுக்கு ஐந்தரை வயது. இந்த வருஷம் பால்குடம் எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் குடத்தைத் தலையில் வைத்தால், மேட்டில் இருக்கும் கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடக்க வேண்டும். எங்கள் கோயிலில் ஒரு கண்டிப்பு உண்டு. குடம் எடுத்த பிள்ளையை வழியில் யாரும் தூக்கக்கூடாது. தூக்கிவிட்டால் அந்த வருஷப் பால்குடம் செல்லாது. வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது.

“இவளாவது நடக்கிறதாவது!” என்றேன் நான். பிரிஞ்சாங் சந்தையில் காரை நிறுத்திய இடத்திலிருந்து சோளக் கடை வரைக்கும்கூட நடக்காமல் அப்பாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டு வருகிற ஜென்மம் இது.

மகன் வேறு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான். போன வருஷமே குடம் எடுத்துவிட்ட ஒன்பது வயதுப் பெரிய மனுஷன். “பாதியில உக்காந்து அழுவா மா, பாருங்க லா.” அவள் பாய்ந்து அவன் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். இரண்டு பேரையும் பிரித்துவிட்ட என் கணவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம ஏரியச் சுத்தி நடப்போம். யாரும் தூக்காம ஒரு சுத்து முழுசா வந்துட்டான்னா காப்பு கட்டலாம். வரலன்னா அடுத்த வருஷம்.”

அவள் சம்மதித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “மா, நீங்க சின்னப் பிள்ளைல முழுசா நடந்தீங்களா?” என்றாள்.

“பின்னே? ஏழு வயசுல எடுத்தேன். ஒரு சொட்டுப் பால் சிந்தல, தெரியுமா!”

இதைக் கல்யாணத்துக்கு முன்பே என் கணவரிடம் சொல்லியாயிற்று. அவர் வீட்டாரிடமும் சொல்லியாயிற்று. தானா ராத்தாவில் எங்கள் பூக்கடைக்கு மாலை வாங்க வருகிறவர்களிடம்கூட சொல்லியிருக்கிறேன். வாய் தானாகவே சொல்லிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். ஏரி எங்கள் தோட்டத்துச் சரிவின் அடியில் கிடக்கிறது. மழை பெய்தால் தே தாரிக் என்கிற பால் தேத்தண்ணியின் நிறம், நாலு நாள் வெயில் அடித்தால் பாசிப்பச்சை. அன்றைக்கு எங்கள் அதிர்ஷ்டம், பச்சை. பனி விலகி, சுற்றிலும் தேயிலைச் சரிவுகள் குளித்துவிட்டு வந்தவை போல நின்றன. கோலாலம்பூரிலிருந்து வந்த கூட்டம் அணைக்கட்டின் மேல் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. என் மகள் காரைவிட்டு இறங்கியதும் பையைத் திறந்து, எங்கள் சாமி மாடத்துச் செம்பை வெளியே எடுத்தாள். எப்போது திருடி வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

“வெறுந்தலையோட நடந்தா அது என்ன டெஸ்ட்?” என்றாள். துண்டை முறுக்கிச் சும்மாடு வைத்து, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைச் செம்பில் ஊற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள். முதல் அடியிலேயே பாதித் தண்ணீர் அவள் சட்டைக்குள் போனது. மீதி அப்பாவின் சப்பாத்துக்குள் போனது. படம் எடுத்த கூட்டம் ஏரியை விட்டுவிட்டு இவளைப் படம் எடுக்கத் தொடங்கியது. மகராணி சிரிக்காமல் போஸ் கொடுத்தாள்.

என் கணவர் தாப்பாக்காரர், கீழே சமவெளியில் வளர்ந்தவர். போனை எடுத்து வழி பார்க்கப் போனார். எனக்கு வந்ததே கோபம்! “அத உள்ள வைங்க. நான் இங்கயே பொறந்தவ. கண்ணக் கட்டி விட்டாலும் நடப்பேன்.”

கொஞ்ச தூரத்தில் பாதை பிரிந்தது. ஒன்று தண்ணீரை ஒட்டிப் போகும் ஒற்றையடி, புல் மண்டிக் கிடந்தது. இன்னொன்று தேயிலைக்கு நடுவே ஏறுகிற பாதை, நன்றாகத் தேய்ந்து மண் பளபளவென்று இருந்தது. யோசிக்கவே இல்லை நான். தேய்ந்த பாதையில் முன்னால் போனேன். மூன்று பேரும் என் பின்னால் வந்தார்கள்.

ஏறினோம், ஏறினோம், ஏறிக்கொண்டே இருந்தோம். மகன் அட்டைகளை எண்ணிக்கொண்டு வந்தான். நான்காவது அட்டை அப்பாவின் கெண்டைக்காலில் இருந்தது. அவர் ஆடிய ஆட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கிறது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். “எடுங்க! எடுங்க லா!” என்று அவர் கத்தக் கத்த, நாங்கள் மூன்று பேரும் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் மகள் சிரித்த சிரிப்பில் செம்பு மறுபடியும் காலி. மறுபடியும் ஊற்றினாள். நனைந்த கோழிக்குஞ்சாக நடந்தாள். ஆனால் நடந்தாள். நான் உள்ளுக்குள் அசந்துபோனேன், வெளியே காட்டவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றார் கணவர், மூச்சு வாங்கிக்கொண்டே. “ஏரி ஏன் கீழ போயிக்கிட்டே இருக்கு?”

திரும்பிப் பார்த்தேன். ஏரி பாதத்துக்குக் கீழே ஒரு தட்டு அளவுக்குக் கிடந்தது. முன்னால் பார்த்தேன். தகரக் கூரை, கொழுந்து மூட்டைகள், கொக்கியில் தொங்கும் வட்டத் தராசு. நிறுவைக் கொட்டகை!

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தோட்டத்தில் யாரும் ஏரியைச் சுற்றிப் பார்க்க நடந்ததில்லை. யாருக்கு நேரம்? எல்லாரும் கொழுந்து மூட்டையோடு நடந்தார்கள், மூட்டை நிறுவைக்குத்தான் போகும். நன்றாகத் தேய்ந்த பாதை எதைப் பிடித்தாலும் அது தராசில் போய்த்தான் முடியும். சின்ன வயதில் என் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க நானே இதில் ஓடியிருக்கிறேன். பழக்கதோஷத்தில் என் கால் குடும்பத்தையே நிறுவைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

“உன் கண்ணக் கட்டி விட்டிருந்தா சரியாப் போயிருப்ப போல,” என்றார் என் கணவர்.

கொட்டகையில் கிராணி இருந்தார், நிறுவை எழுதுகிற தமிழர். கத்தரியால் கொழுந்து வெட்டுகிற வங்காளதேசத்து ஆட்கள் நாலைந்து பேர் மூட்டைகளின் மேல் சாய்ந்திருந்தார்கள். செம்போடு வந்த என் மகளைப் பார்த்து எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள்.

“நிறுவைக்கு வந்துட்டு நிறுக்காம போனா எப்படி?” என்றார் கிராணி. தராசுக் கொக்கியில் மாட்டியிருந்த சாக்கில் மகன் தானே ஏறி உட்கார்ந்து இருபத்தாறு கிலோ காட்டினான். அடுத்து கிராணி என் மகளை அலாக்காகத் தூக்கிச் சாக்கில் வைத்தார். முள் ஆடி நின்றது. “பதினெட்டு. சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு கழிவு. பதினாறு!”

“நான் ஒண்ணும் ஈரமா இல்ல!” என்று கத்தினாள், சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. கொழுந்தின் ஈரத்துக்கென்று எடையில் பிடிக்கிற தண்ணிக் கழிவைத் திட்டிக்கொண்டேதான் என் அம்மா தினமும் லயத்துக்கு, எங்கள் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, திரும்புவாள். இன்றைக்கு அவள் பேத்தி திட்டுகிறாள்.

அப்போது மகன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு கூவினான். “அய்யோ, தூக்கிட்டாங்க! போச்சு! போச்சு!”

சாக்குக்குள் என் மகளின் உதடு பிதுங்கியது. பிறகு வந்த அழுகை ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். கிராணி பதறிப்போனார். நான் பால்குடம், காப்பு, தூக்கக்கூடாத கதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நிறுவைப் புத்தகத்தைத் திறந்தார். மேலே கீழே பார்த்தார்.

“சாக்குல ஏறிக் கொக்கியில தொங்கினா அது கொழுந்து,” என்றார். “நான் தூக்கினது கொழுந்து. பிள்ளைய யாரும் தூக்கல.”

மகன் அப்பாவிடம் முறையிட்டான். “கிராணி சொன்னா சொன்னதுதான்,” என்றார் அப்பா. கிராணியின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாததை நினைத்து நான் வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்தோஷப்பட்டேன். வங்காளதேசத்து ஆட்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது.

கொழுந்து லோரி அணைக்கட்டு வழியாகத்தான் பேக்டரிக்குப் போகும், ஏறிக்கொள்ளுங்கள் என்றார் கிராணி. அவர் சொல்லி முடிப்பதற்குள் மகன் ஏறிவிட்டான். கணவர் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். மகள் தரையில் நின்று செம்பைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். “லோரில போனா நடந்ததாகுமா?” என்றாள்.

“நீங்க போங்க. நான் இவகூட வரேன்,” என்றேன். லோரி ரோட்டில் நடந்து இறங்கினால் ஏரியின் மறுகரை, அங்கிருந்து தண்ணீரை ஒட்டியே அணைக்கட்டு. “தண்ணிய விட்டு விலகாதீங்க மா,” என்று கிராணி என்னிடம் இரண்டு தடவை சொன்னார். என் மானம் அவ்வளவு தூரம் போயிருந்தது.

மறுகரை வரைக்கும் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். பிறகு பாட்டு நின்றது. அணைக்கட்டு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு வளைவுக்கு இந்தப் பக்கம், பொத்தென்று புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“கால் சொல்பேச்சு கேக்க மாட்டேங்குது மா.”

பாவமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒரு ஈ காக்கை இல்லை. அவள் எவ்வளவு நடந்தாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு வளைவுதான். குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

“வாடா தங்கம். அம்மா தூக்கிக்கறேன். அந்த வளைவுல எறக்கி விட்டுடறேன். யாருக்கும் தெரியாது.”

அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “நீங்களும் அப்படித்தான் நடந்தீங்களா?” என்றாள்.

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஏனென்றால் அப்படித்தான். ஏழு வயதில், பாதி மேட்டில், நான் இதே மாதிரி உட்கார்ந்தேன். என் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டார், அம்மா குடத்தை வாங்கிக்கொண்டாள். கடைசி வளைவில் இறக்கிவிட்டு, குடத்தைத் தலையில் வைத்தார்கள். நான் ஒரு சொட்டுச் சிந்தாமல் கோயிலுக்குள் நடந்தேன். லயமே பார்த்தது, யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு நானே அதை மறந்துபோகிற அளவுக்குப் பெருமை பேசியிருக்கிறேன்.

“ஆமா,” என்றேன். “தாத்தா தூக்கிட்டாரு.”

“எவ்ளோ தூரம்?”

“பாதிக்கு மேல.”

அவள் வாயைப் பிளந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். புல்லில் மல்லாந்து, காலை உதைத்து உதைத்துச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. ஏரிக்கரையில் தாயும் மகளும் பைத்தியம் பிடித்தவர்கள் போலக் கிடந்தோம்.

முதலில் எழுந்தவள் அவள்தான். சும்மாட்டை எடுத்து என் தலையில் வைத்தாள். ஏரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு அதன்மேல் வைத்தாள். “நீங்களும் டெஸ்ட் எழுதணும்,” என்றாள். குளிர்ந்த தண்ணீர் என் முதுகில் வழிய வழிய, அவள் முன்னால், நான் பின்னால், வளைவைத் தாண்டினோம்.

அணைக்கட்டில் என் கணவரும் மகனும் கையாட்டினார்கள். இவள் அங்கிருந்தே முழங்கினாள். “பா! நான் முழுசா நடந்துட்டேன்! அம்மாவத்தான் தூக்கிட்டாங்களாம்! சும்மா பொய் சொல்லிட்டாங்க!”

படம் எடுத்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. என் கணவர் சிரித்துச் சிரித்து ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். செம்போடு நின்ற எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவளுக்குக் காப்புக் கட்டினார்கள். அடுத்து நானும் கையை நீட்டினேன். பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கட்டினார். மஞ்சள் கயிற்றுக் கையால் என் மகள் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

“வழியில கால் வலிச்சா சொல்லுங்க மா. நின்னு போலாம். ஆனா தூக்க மாட்டேன்.”