ஊர் கேட்டுப் படிக்கிறவர்

"ஊரு எதுங்க?" என்று கேட்கிறார் தனப்பிரியா. எதிரில் ஆள் யாரும் இல்லை. கையில் கைப்பேசி, அதில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. ஐம்பத்திரண்டு வயது ஆண், மூன்று வாரமாக இருமல், மாலையானால் காய்ச்சல், எடை குறைந்துகொண்டே போகிறது. கேள்வியைத் தயாரித்தவர்கள் அந்த மனிதருக்கு ஊர் எதுவும் வைக்கவில்லை. "எருமப்பட்டின்னு வெச்சுக்கலாமுங்க" என்று அவரே முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகுதான் நான்கு விடைகளையும் பார்க்கிறார்.

பரமத்தி வேலூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மைதிலியின் மருந்துக்கடையில் தனப்பிரியாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் ஒரு கேள்வி முடிந்துவிடும். நான் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போகிறவன். ஒரு மாதத்துக்கு உள்ளதை ஒரேயடியாக வாங்கிவிடலாம். பத்துப் பத்தாக வாங்குவது இந்தக் கூத்தைப் பார்க்கத்தான். தனப்பிரியா வயதில் என் மகளைவிட இளையவர். ஆனாலும் 'அவள்' என்று எழுதக் கை வரவில்லை.

கிர்கிஸ்தானில் ஆறு வருடம் மருத்துவம் படித்துவிட்டு வந்தவர். அங்கே வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே ஒரு தலைவலிக்குக்கூட மாத்திரை எழுத முடியாது. எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித்தேர்வில் தேற வேண்டும். முந்நூறு கேள்விக்கு நூற்றைம்பது வாங்கினால் போதும். போதும் என்று எழுதுவது எனக்குச் சுலபம். முதல் முறை அவர் வாங்கியது நூற்றிருபத்தொன்று, அடுத்த முறை நூற்று முப்பத்தெட்டு. அந்த இரண்டாவது தோல்விக்குப் பிறகுதான் ஊர் வைக்கும் பழக்கம் வந்திருக்கிறது.

"ஆளு கண்ணுக்குத் தெரியாட்டி எனக்கு நோவு மனசுல நிக்க மாட்டேங்குதுங்ணா" என்கிறார். அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு ஆள், ஒரு ஊர். எருமப்பட்டி முழுக்க நுரையீரல். ஜேடர்பாளையத்துக்காரர்களுக்கு எலும்பும் மூட்டும். பரமத்திக்குச் சிறுநீரகம், கீரம்பூருக்கு இதயம். வார விடுமுறையில் நாமக்கல் நூலகத்துக்குப் பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லச் சொல்ல, இவருக்கு அந்தந்த ஊர் வியாதிகள் வரிசையாக வந்து நிற்கும். கீரம்பூரில் யாராவது சுறுசுறுப்பாக இறங்கிப் போனால் ஆச்சரியமாக இருக்கிறதாம்.

"நல்லா இருந்த ஊருக்கெல்லாம் இந்தப் புள்ள சீக்கு குடுத்துருச்சுங்க" என்று மைதிலி சிரிப்பார். சிரித்தாலும், கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

படிப்பு விஷயம் ஊருக்குத் தெரியும். "டாக்டரம்மா, மேலுக்குச் சொகமில்லீங்க, நீங்களே பாத்து எதாச்சும் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். "நான் இன்னும் டாக்டர் இல்லீங்க. சீட்டு இருக்குதுங்களா?" என்பார் தனப்பிரியா. சீட்டு இல்லாவிட்டால் அரசு மருத்துவமனைக்கு வழி சொல்லுவார். வாழைத்தோப்புக்காரர் ஒருவர் ஒருமுறை, ஊட்டுக்கு வந்து ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினார். "எனக்குத் தெரியுமுங்களே" என்று சொல்லிவிட்டு, அவருக்கு உட்கார நாற்காலி போட்டு, ஆட்டோவுக்கு ஆளனுப்பினார். இப்படிப்பட்ட பிடிவாதத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. சளி பிடித்தால் நானே நாலு பேருக்கு மருந்து சொல்கிறவன்.

மூன்றாவது முறை முடிவு வந்த அன்று நான் கடையில்தான் இருந்தேன். நூற்று நாற்பத்தொன்பது. மைதிலி கல்லாவைத் திறந்தது திறந்தபடி நின்றார். தனப்பிரியா அழவில்லை. "பொக்குனு போச்சுங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னார். தேர்வில் ஒரு கேள்வி. கரும்பு வெட்டப் போன இடத்தில் ஒருவருக்கு முழங்கால் திருகிக்கொண்டது, உள்ளே ஜவ்வு கிழிந்ததாகச் சந்தேகம், இருப்பதிலேயே நல்ல பரிசோதனை எது? எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வழக்கம்போல ஊர் கேட்டுவிட்டார். ஆள் ஜேடர்பாளையம் பூபதி ஆகிவிட்டார். பூபதி ஸ்கேனுக்கு அந்தக் காலை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும், கூட வருகிறவருக்கும் அன்று வேலை போகும். எக்ஸ்ரே என்றால் பரமத்தி வேலூரிலேயே எடுத்துக்கொள்ளலாம். கணினியில் எக்ஸ்ரேவை அழுத்திவிட்டார்.

"நான் போட்டது ஜேடர்பாளையத்து ஆளுக்குங்ணா. அவங்க கேட்டது எந்த ஊரு ஆளுக்கோ."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏன் அம்மணி, மீதி நூத்தம்பது தப்பையும் உட்டுட்டு இந்த ஒண்ணையே புடிச்சுத் தொங்குனா எப்படி?" என்றேன்.

"மத்ததெல்லாம் தெரியாமப் போட்டதுங்க. இது தெரிஞ்சு போட்டது" என்றார்.

ஊர் வைக்கிற பழக்கத்தை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தேன். விட்டுப் பார்த்தாராம். ஒரு வாரம் வெறும் கேள்வியாகப் படித்ததில் பாதி மறந்துபோய்விட்டது. எட்டாம் நாள் எருமப்பட்டிக்காரர்களை மறுபடியும் அழைத்துக்கொண்டார்.

நான்காவது தேர்வு இந்த மாதம் சேலத்தில் நடந்தது. விடியும் முன்பே கிளம்ப வேண்டும் என்பதால் என் பழைய காரில் அழைத்துப்போனேன். கீரம்பூர் சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது அவர் உதடு அசைந்தது. காலையில் நூற்றைம்பது கேள்வி, மதியம் நூற்றைம்பது. இடைவேளையில் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மரத்தடிகளில் கூட்டம் கூட்டமாக நின்று அந்தக் கேள்விக்கு எது, இந்தக் கேள்விக்கு எது என்று வாதம். ஒரு பெண் போனில் அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தார்.

தனப்பிரியா காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்தார். நான் எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். நாலு வாய் சாப்பிட்டபின் அவரே ஆரம்பித்தார்.

"அதே மாதிரி ஒண்ணு வந்துச்சுங்ணா. இந்தவாட்டி தோளு. ஒரு அம்மா, சொமை தூக்குறவங்க, கையத் தூக்க முடியல. நல்ல பரிசோதனை எதுன்னு."

"ஊரு வெச்சியா?"

"வெக்காம எப்படிங்க? மாரின்னு பேரு. ஜேடர்பாளையத்துல இருந்து உள்ள தள்ளி, நெல்லு மூட்டை தூக்கறவங்க."

"அப்புறம்?"

"பஸ் ஏத்திச் சேலத்துக்கே கூட்டியாந்துட்டனுங்ணா. ஸ்கேன் எடுக்கச் சொல்லிட்டேன்."

"கூலி போகுமேன்னு அந்தம்மா சொல்லலியா?"

"சொல்லாம இருப்பாங்களா? நானும் கூட வாரேன், வாங்கன்னுட்டேன்" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணும் அப்போது ஒழுங்காக இல்லை. அந்த மாரி எங்கேயும் இல்லாதவர். ஆனால் அவரைச் சமாதானப்படுத்தாமல் விடையை அழுத்த இந்தப் பெண்ணால் முடியவில்லை.

மதியத் தேர்வுக்கு அழைத்தார்கள். முடிவு வர இன்னும் நாள் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்கும் தெரியாது.

சாப்பிட்ட கையைக் கழுவ மைதானத்து ஓரக் குழாய்க்குப் போனார். பையிலிருந்து சோப்பை எடுத்தார். விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் தேய்த்தார். கட்டை விரலைத் தனியாக, நகக்கண்களை உள்ளங்கையில் சுரண்டி, மணிக்கட்டு, அப்புறம் முழங்கை வரை, ஆபரேஷனுக்கு முன்னால் கழுவுகிற மாதிரி. பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்து வேறு குழாய்க்குப் போனார்கள். அலசி முடித்ததும், "சித்தெ மூடி உடுங்ணா" என்றார். குழாயை மூடினேன். நுழைவுச் சீட்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அவர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, யார்மேலும் எதன்மேலும் பட்டுவிடாமல், முழங்கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலை நோக்கிப் போனார்.